குதிரையின் வயிற்றில் உண்டாகும் கிருமி நோய்களை அறியும் விதம்

வயிற்றுவலி கண்ட குதிரையை ஒருமுறை பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார். அது முன்னங்காலால் தரையைப் பறிக்கும்; திரும்பித் திரும்பித் தன் விலாவை நோக்கும்; படுக்கும், எழும், புரளும்; உடலெல்லாம் வியர்வை வழியும். இக்குறிகளைக் கண்டவுடன் வீட்டார் யாவரும் பரபரப்படைந்து வைத்தியருக்கு ஆள் அனுப்புவது இயல்பு. ஆனால், புரளாத நோயாளிக் குதிரையும் உண்டு. அது கொட்டிலின் மூலையில் தலையைத் தொங்கவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, அசையாமல் நிற்கும். வைத்த கொள்ளை முகர்ந்துவிட்டு விலகும். “இன்றைக்குச் சற்று மந்தம், நாளைக்குச் சரியாய்விடும்” என்று சொந்தக்காரர் அதனை அப்படியே விட்டுவிடுகிறார். புரளும் குதிரைகளிற் பெரும்பாலானவை தக்க சிகிச்சையினால் எழுந்து தீனி தின்கின்றன. அசையாது நிற்கும் குதிரையோ, அதன் வயிற்றினுள் கிருமிகள் பரவியிருக்குமாயின், இரண்டொரு நாளில் மாண்டுபோகக்கூடும். ஆதலால் சாதாரண வயிற்றுவலியையும், வயிற்றினுள் உண்டான கிருமி நோயையும் காலத்தில் பிரித்தறிவது குதிரை வளர்ப்போர் யாவருக்கும் அவசியமாகிறது.

தமிழ்நாட்டில் குதிரை இப்போது உழவுக்கோ பிரயாணத்துக்கோ இன்றியமையாத பிராணியன்று. எனினும், நிலமுடையோர் பலர் அதனை விருப்பத்துடன் வளர்த்து வருகின்றனர். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை யொட்டிக் கூடும் சந்தைக்கு மார்வார், கத்தியவார் முதலிய ஜாதிக் குதிரைகள் கொண்டுவரப்படுகின்றன. இவை பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுபவை. நாட்டுப்புறத்து மிருக வைத்தியர்களுடைய காலத்தில் பெரும்பகுதி மாடு ஆடுகளைப் பார்ப்பதிலேயே செல்கிறது. ஆகவே, குதிரையின் சொந்தக்காரர் தாமே கவனித்துத் திருத்தமாகக் கூறும் விவரங்கள் வைத்தியருக்குப் பெருந்துணையாகும்.

குதிரை வயிற்றின் அமைப்பு

குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். இரைப்பையின் வாயிலுள்ள தசை மிக இறுக்கமானதாகையால் குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது. சிறுகுடல் ஏறக்குறைய 70 அடி நீளமுள்ளது. அதற்குப்பின் உள்ள குருட்டுக்குடலும் பெருங்குடலும் நார்த்தீனியைப் புளிக்க வைத்துச் சீரணிக்கும் பெருந்தொட்டிகள் போன்றவை. இவற்றில் கோடானுகோடி கிருமிகள் எந்நேரமும் வாழ்கின்றன. அவை குடலுக்குள் இருக்கும் வரை குதிரைக்கு நன்மையே செய்கின்றன.

வயிற்றின் உட்புறத்தையும் குடல்களின் வெளிப்புறத்தையும் பெரிடோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்திருக்கிறது. சவ்வுக்கும் குடலுக்கும் இடையே சிறிதளவு தெளிந்த நீர் உண்டு. இவ்விடத்தில் கிருமி எதுவும் இருத்தலாகாது. குடல் துளைபட்டோ, வெளியிலிருந்து காயம் பட்டோ, இரத்தத்தின் வழியாகவோ கிருமிகள் இங்கு வந்து சேர்ந்தால் சவ்வு அழற்சி யடைகிறது. இதுவே பெரிடோனைட்டிஸ் எனப்படும் கொடிய நோய்.

மாடு வளர்ப்போர் ஒன்றை அறிவர். மாடு தீனியுடன் ஆணியையோ கம்பியையோ விழுங்கிவிட, அது இரண்டாம் இரைப்பையைக் குத்தி வெளிப்பட்டாலும், மாடு சில சமயம் மாதக்கணக்கில் மெலிந்து மெலிந்து உயிர் வாழ்வதுண்டு. காரணம், மாட்டின் உடல் துளைபட்ட இடத்தைச் சுற்றி விரைவில் நார்ப்பொருளால் வேலி கட்டிவிடுகிறது. குதிரைக்கு இவ்வாற்றல் குறைவு. குடல்களைப் போர்த்தி அடைக்கும் கொழுப்புத்திரையும் குதிரைக்குச் சிறியது. மேலும், குடற்கிருமிகள் சிதையும்போது வெளிப்படும் நஞ்சைக் குதிரையின் உடல் சிறிதும் தாங்குவதில்லை. அந்நஞ்சு இரத்தத்தில் கலந்தால் இருதயம் தளர்கிறது. குளம்புகளின் உட்பாகமும் அழற்சி யுற்று, பிழைத்த குதிரையும் நொண்டியாகலாம். மாட்டைப் போலவே குதிரையையும் எண்ணிப் பொறுத்துப் பார்த்தல் தவறென்பது இதனால் விளங்கும்.

நோய் உண்டாகும் வழிகள்

முதலாவது, குடல் நலிந்து துளைபடுதல். மிகுந்த தானியத்தால் இரைப்பை பருத்து வெடித்தல், குடல் முறுக்கிக்கொண்டு அழுகுதல், குடற்புண் ஆகியவை இதில் அடங்கும். குடற்புழுக்களும் ஒரு காரணம். ஸ்ட்ராஞ்சிலஸ் வல்காரிஸ் என்னும் புழுவின் இளம்பருவம் குடலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாளத்தினுள் புகுந்து அதனைக் கெடுக்கிறது. இரத்தம் தடைப்பட்ட குடற்பகுதி அழுகுகிறது. 1980-க்குப் பின் ஐவர்மெக்டின் என்னும் மருந்து வழக்கத்திற்கு வந்தபிறகு இப்புழுவின் கொடுமை வெகுவாகக் குறைந்தது. எனினும் புழு நீக்கம் செய்யாத குதிரைகளில் இது நேரிடலாம்.

இரண்டாவது, வெளிக்காயம். மாட்டுக் கொம்பு, வேலிமுளை, மூங்கிற் சிம்பு ஆகியவை வயிற்றில் குத்தும்போது மேலே சிறு துளையே தென்படும். உள்ளே எவ்வளவு ஆழம் சென்றதென்பது கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது, காயடித்த பின் வரும் கேடு. விதைப்பைக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. காயடித்த புண்ணில் அசுத்தம் சேர்ந்தால் கிருமிகள் அவ்வழியே மேலேறக்கூடும். காயடித்த சில நாட்களுக்குப்பின் குதிரை ஜுரத்துடன் பின்னங்கால்களை விறைத்து நடக்குமாயின் அசட்டை செய்யலாகாது.

நான்காவது, பெட்டைக் குதிரை ஈனும்போது கருப்பை கிழிதல். ஈன்ற அன்று நலமாகத் தோன்றிய தாய், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் மந்தமும் ஜுரமும் அடைந்தால் இதனைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாவது, வேறிடத்திலுள்ள கிருமி இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வயிற்றுக்கு வருதல். ஸ்ட்ராங்கிள்ஸ் எனப்படும் தொண்டைக்கட்டி நோய் இதற்கு உதாரணம். தாடையின் கீழ்க் கட்டி பழுத்து உடைந்து, சொந்தக்காரர் நோய் தீர்ந்ததென்று எண்ணியிருக்கும் வேளையில், வயிற்றினுள் குடலைத் தாங்கும் சவ்வில் வேறொரு கட்டி வளர்வதுண்டு. குதிரைகள் பல ஊர்களிலிருந்து கூடும் சந்தைகளில் இந்நோய் எளிதில் தொற்றக்கூடும்.

இரு குதிரைகள்

ஒரே கொட்டிலில் இரண்டு குதிரைகள் நோயுற்றன எனக் கொள்ளலாம். முதற் குதிரை ஒரு மணி நேரமாகப் புரளுகிறது. வலி விட்டு விட்டு வருகிறது. இடையே அமைதியாக நிற்கிறது. உஷ்ணம் 100 டிகிரி. நாடி நிமிஷத்திற்கு 48. ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. விலாவில் காது வைத்தால் குடலின் ஓசை கேட்கிறது. இது பெரும்பாலும் வாயுவினாலோ மலக்கட்டினாலோ உண்டான வலியாகும்.

இரண்டாவது குதிரை புரளவில்லை. ஓரடி எடுத்து வைக்கவும் தயங்குகிறது. திரும்பச் சொன்னால் உடலை வளைக்காமல் மரக்கட்டை போலத் திரும்புகிறது. விலாவில் கையை வைத்து அழுத்தினால் வயிற்றை இறுக்கிக்கொண்டு முனகுகிறது. உஷ்ணம் 103 டிகிரி. நாடி 68. ஈறு செங்கல் நிறமாகக் கறுத்திருக்கிறது. குடலின் ஓசை இல்லை. இதுவே வயிற்றினுள் கிருமி நோய் கண்ட குதிரையின் தோற்றம். பார்வைக்கு முதற் குதிரையே அபாயத்திலிருப்பதாகத் தோன்றினும், வைத்தியர் முதலில் போய் நிற்கவேண்டிய இடம் இரண்டாவது குதிரையின் பக்கமே.

இதனினும் ஏமாற்றுவது மற்றொன்று. கடுமையாகப் புரண்டுகொண்டிருந்த குதிரை திடீரென்று ஓய்ந்து நின்றால், நோய் தீர்ந்ததென்று மகிழ்வது வழக்கம். உண்மையாகவே வலி தீர்ந்த குதிரை தலை நிமிர்ந்து நிற்கும், தீனியைத் தேடும், சாணம் இடும், நாடி இறங்கும். அவ்வாறன்றி, நாடி நூலைப்போல் மெலிந்து விரைவாக ஓட, குளிர்ந்த வியர்வை அரும்ப, ஈறு நீலம் பாரித்துக் காணுமாயின், இரைப்பையோ குடலோ வெடித்துவிட்டதென்று அறிக. பருத்த இரைப்பையின் இறுக்கம் நீங்கியதால்தான் வலி ஓய்ந்தது. வலி நின்றது என்பதை மட்டும் கொண்டு நலமென்று தீர்மானித்தல் கூடாது.

சொந்தக்காரர் செய்யத்தக்க சோதனைகள்

குதிரையை அரைமணி நேரம் நிழலில் நிறுத்திய பின்னரே இவற்றைச் செய்யவேண்டும். வெயிலும் ஓட்டமும் உஷ்ணத்தையும் நாடியையும் ஏற்றிவிடும்.

1. உஷ்ணம்: தர்மாமீட்டரின் ஒரு முனையில் நூல் கட்டி, நுனியில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் செலுத்திப் பார்க்கவேண்டும். வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வயிற்றுவலியோடு 102-க்கு மேற்பட்ட உஷ்ணம் சேர்ந்தால் கிருமி நோயைச் சந்தேகிக்க வேண்டும். நாடி மிக விரைவாக இருக்க, உஷ்ணம் இயல்பினும் தாழ்ந்திருந்தால் அது இன்னும் கேடான குறி.

2. நாடி: கீழ்த்தாடை எலும்பின் உட்புறம் விரல் வைத்தால் நாளம் துடிப்பது தெரியும். இயல்பு நிமிஷத்திற்கு 28 முதல் 44 வரை. ஓய்விலிருக்கும் குதிரைக்கு 60-க்கு மேற்பட்டால் அபாயம். 80-க்கு மேற்பட்டால் பேரபாயம்.

3. மூச்சு: விலா ஏறி இறங்குவதை எண்ணவேண்டும். இயல்பு நிமிஷத்திற்கு 8 முதல் 16 வரை.

4. ஈறு: மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்க்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். பற்களை யொட்டி ஊதா நிறக் கோடு தோன்றினால் நஞ்சு இரத்தத்தில் கலந்துவிட்டதற்கு அடையாளம்.

5. குடலோசை: இரு விலாக்களிலும் மேலும் கீழுமாகக் காதை வைத்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிஷம் கேட்கவேண்டும்.

6. சாணமும் சிறுநீரும்: கடைசியாக எப்போது இட்டது, எவ்வளவு, கட்டியா நீர்த்ததா, சளி படர்ந்ததா என்பவற்றை நோக்கவேண்டும்.

இவையெல்லாவற்றையும் மணிக்கொரு தடவை பார்த்து, நேரத்துடன் எழுதி வைத்தல் நலம். நாடி ஒரு மணிக்கு 48, இரண்டு மணிக்கு 56, மூன்று மணிக்கு 66 என ஏறிய வரிசை வைத்தியருக்கு நீண்ட வர்ணனையைக் காட்டிலும் அதிகம் தெரிவிக்கும். காயடித்தது, ஈன்றது, சந்தைக்குப் போய் வந்தது, தொண்டைக்கட்டி கண்டது, கடைசியாகப் புழு மருந்து கொடுத்தது ஆகியவற்றின் தேதிகளையும் உடன் குறித்துக் கொள்ளவேண்டும்.

மிருக வைத்தியர் செய்யும் சோதனைகள்

வைத்தியர் ஆசனவாயின் வழியே கையைச் செலுத்திக் குடல்களைத் தடவிப் பார்ப்பார். வழவழப்பாக இருக்கவேண்டிய சவ்வு சொரசொரப்பாகவோ, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியோ, கட்டி திரண்டோ இருப்பின் கைக்குத் தெரியும். ஆயினும் கை எட்டும் இடம் வயிற்றின் பின்பாதி மட்டுமே.

அடுத்தது இரத்த சோதனை. நோயின் தொடக்கத்தில் வெள்ளணுக்கள் வயிற்றை நோக்கி விரைந்து செல்வதால் இரத்தத்தில் அவற்றின் தொகை குறைகிறது, பின்னர் ஏறுகிறது. ஆகவே, ஒரே நாளின் கணக்கு ஏமாற்றக்கூடும். ஸீரம் அமிலாயிட் ஏ என்னும் பொருள் சில மணி நேரத்திற்குள் ஏறுவது. ஃபைப்ரினோஜன் ஏற ஒன்றிரண்டு நாளாகும். ஃபைப்ரினோஜன் ஒரு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அழற்சி சில காலமாகவே உள்ளதென்று கொள்ளலாம்.

எனினும், நோயைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயிற்று நீரை எடுத்துப் பார்க்கும் சோதனையே. நிற்கும் குதிரையின் வயிற்றில் மிகத் தாழ்ந்த இடத்தில், நடுக்கோட்டிலோ சற்று வலப்புறமாகவோ, மயிரைச் சிரைத்துச் சுத்தம் செய்து ஊசியைச் செலுத்துவர். வலப்புறம் கொள்வது இடப்புறத்திலுள்ள மண்ணீரலை விலக்குவதற்காக. சொட்டுச் சொட்டாக வரும் நீரை இரண்டு குழாய்களில் பிடிப்பர். ஒன்று அணுக்களை எண்ணுவதற்கு, மற்றொன்று கிருமிகளை வளர்த்துப் பார்ப்பதற்கு.

அந்நீரைக் கண்ணாற் பார்த்தே பலவற்றை அறியலாம். இயல்பான நீர் வெளிறிய மஞ்சள் நிறமாயும், அச்செழுத்தை ஊடே படிக்கத்தக்க தெளிவுடனும் இருக்கும். கலங்கியிருந்தால் வெள்ளணுக்கள் மிகுந்தன. சிவந்திருந்தால் குடற்பகுதி நலிந்திருக்கலாம். தீனித்துகள் கலந்து பழுப்பாக வந்தால் குடல் வெடித்திருக்கலாம்; அல்லது ஊசி குடலுக்குள் போயிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய வேறிடத்தில் மறுமுறை குத்திப் பார்ப்பது வழக்கம். ஒரு மைக்ரோலிட்டர் நீரில் வெள்ளணுக்கள் 5,000-க்குக் குறைந்திருப்பதும், புரதம் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு உட்பட்டிருப்பதும் இயல்பு. அணுக்கள் 10,000-க்கு மேல் ஏறினால் அழற்சி உண்டு. நோய் முற்றினால் லட்சத்தையும் கடக்கும். கிருமிகள் சர்க்கரையை உண்பதால், வயிற்று நீரின் சர்க்கரை இரத்தத்தின் சர்க்கரையைவிட டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குறைந்திருப்பது கிருமி நோய்க்குத் தக்க சான்றாகும்.

இச்சோதனைக்கும் குறைகள் உண்டு. காயடித்த பின்னும் வயிற்று அறுவைக்குப் பின்னும் கிருமியின்றியே அணுக்கள் சில நாட்கள் மிகுந்திருக்கும். கிருமி ஒரு மூலையில் அடைபட்டிருந்தால் நீர் இயல்பாகவே தோன்றலாம். ஆகையால் அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றைப் பார்த்து, நீர் எங்கே மிகுந்திருக்கிறது, நார் எங்கே படர்ந்திருக்கிறது, கட்டி உண்டா என்பதை அறிவர். பெரிய குதிரையில் இக்கருவி ஏறக்குறைய ஓரடி ஆழத்துக்கு அப்பால் தெளிவாகக் காட்டாது. நடுவயிற்றில் உள்ள கட்டி தப்பிவிடக்கூடும். எனவே, ஒரே சோதனையை நம்பாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.

மறைந்திருக்கும் கட்டி

சில குதிரைகளில் நோய் வெளிப்படையாகக் காணாது. தீனி தின்றும் வாரா வாரம் மெலியும், ஜுரம் வந்து வந்து போகும், லேசான வயிற்றுவலி அடிக்கடி காணும், மயிர் மங்கும். புழுவென்றும் பல்லென்றும் எண்ணி மருந்து கொடுத்தும் பயன் தராது. சில மாதங்களுக்கு முன் தொண்டைக்கட்டி வந்திருந்தால் வயிற்றினுள் கட்டி இருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். காலையும் மாலையும் இரண்டு வாரம் உஷ்ணம் பார்த்து எழுதிய தாள் ஒன்று இந்நோயை வெளிப்படுத்தப் பெரிதும் உதவும்.

குட்டிகள்

குட்டிகளில் ஆசனவாய் வழியாகக் கையிட்டுச் சோதிக்க இயலாது, அல்ட்ராசவுண்டே துணை. பிறந்த சில நாட்களில் தொப்புள் வழியாகக் கிருமிகள் புகுவதுண்டு. தொப்புள் ஈரமாகவோ தடித்தோ இருத்தல், பால் குடியாமை, மூட்டு வீங்குதல் ஆகியவை குறிகள். பிறந்த முதல் சில மணி நேரத்திற்குள் சீம்பால் வயிறார ஊட்டுவதும், தொப்புளுக்குக் கிருமிநாசினி இடுவதும் நல்ல காப்பு. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளை ரோடோகாக்கஸ் என்னும் மண்வாழ் கிருமி பீடிக்கிறது. அது முக்கியமாக நுரையீரலைத் தாக்கினும், குடலிலும் வயிற்றுக் கட்டிகளாகவும் காணும். புழுதியும் சாணமும் மிகுந்த அடைப்பில் பல குட்டிகளை நெருக்கி வளர்க்கும் இடங்களில் இது மிகும்.

செய்யத்தகாதவை

வைத்தியர் வருமுன் வலி தணிக்கும் ஊசியை அயலார் கையால் போட்டுவிடுவது இந்நாளில் பெருகிவரும் தவறு. அவ்வூசி வலியையும் ஜுரத்தையும் ஒருங்கே மறைக்கிறது. நோயோ உள்ளே பரவுகிறது. போட நேர்ந்திருந்தால் மருந்தின் பெயரையும் நேரத்தையும் வைத்தியரிடம் மறையாது சொல்லவேண்டும். வயிற்று நீர் எடுக்குமுன் ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி இன்னதென்று அறிய முடியாமற் போகலாம். மூங்கிற் குழாயால் எண்ணெயும் கஷாயமும் புகட்டுவதில் மருந்து நுரையீரலுக்குள் இறங்கும் அபாயம் உண்டு. குடல் துளைபட்டிருந்தால் அது வயிற்றுக்குள் கொட்டும். வயிற்றில் சூடு போடுவது புண்ணைத் தருமேயன்றி நோயை நீக்காது. ஜுரமுள்ள குதிரையை ஓட்டி நடத்துவதும், தீனியைத் திணிப்பதும் கூடா. தீனியை எடுத்துவிட்டு, நிழலில் கட்டி, வைத்தியரை அழைப்பதே முறை. கால்நடை அவசர ஊர்தியை 1962 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

காலத்தில் கண்டறிந்தால் ஆன்டிபயாடிக், நரம்பு வழி நீர், வயிற்றைக் கழுவுதல், அறுவை ஆகியவற்றால் பல குதிரைகள் பிழைக்கின்றன. குடல் வெடித்ததென்று உறுதிப்பட்டாலோ பிழைக்க வழியில்லை. வேதனையின்றி உயிரை நீக்குவதே கருணையாகும். இவ்விரண்டில் எதுவென்று அறிவதற்கும் மேற்கூறிய சோதனைகளே வழி.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

ஜுரமும் வயிற்றுவலியும் கண்டு, கழுத்து, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் வீக்கம் தோன்றி, குதிரை ஓரிரு நாளில் இறந்தால் அடைப்பான் நோயைச் சந்தேகிக்க வேண்டும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருநிற இரத்தம் வடிவது அதன் குறி. அத்தகைய உடலைத் தோலுரிக்கவோ அறுத்துப் பார்க்கவோ எவரையும் அனுமதிக்கலாகாது. காற்றுப் பட்டதும் கிருமிகள் வித்துக்களாக மாறி மண்ணில் பல ஆண்டுகள் கிடந்து, ஊரிலுள்ள மாடு ஆடுகளையும் மனிதரையும் தாக்கும். 2009-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டப்படி, இத்தகைய நோய் கண்டதாகச் சந்தேகித்தால் சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அச்செய்தியை மிருக வைத்தியருக்கு உடனே எட்டச் செய்து, அவர் வந்து பார்க்கும்வரை நாயும் கழுகும் அணுகாதபடி காவல் வைக்கவேண்டும். பின்னர் அவர் காட்டும் முறைப்படி உடலை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ செய்யவேண்டும்.

இந்நோய்களை அறிவதற்கு வேண்டிய பெரிய கருவிகள் நகரத்து ஆஸ்பத்திரிகளில் இருக்கின்றன. ஆனால், குதிரையை அங்கே எப்போது அனுப்ப வேண்டுமென்பது கொட்டிலிலேயே தீர்மானமாகிறது. அதற்கு வேண்டியவை ஒரு தர்மாமீட்டர், ஒரு கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய மூன்றே. குதிரை நலமாயிருக்கும் நாளிலேயே அதன் உஷ்ணத்தையும் நாடியையும் சில தடவை பார்த்துப் பழகி எழுதி வைத்தவருக்கு, அது மூலையில் அசையாமல் நிற்கும் நாளில் அந்த அமைதி எத்தகையதென்று விளங்கத் தடையிராது.